நடுவே போன வருஷங்கள்

'இன்சைட் அவுட்' இரண்டாம் பாகத்தில் ஒரு பாட்டி வருகிறாள். ரைலி என்கிற பெண்ணின் மண்டைக்குள் கோபம், பயம், பதற்றம், பொறாமை எல்லாம் நீயா நானா என்று முட்டிக்கொண்டிருக்கும்போது, கொண்டையும் மூக்குக்கண்ணாடியுமாக எட்டிப் பார்க்கிற கிழவி. பெயர் ஏக்கம். போனதை நினைத்து உருகுவதுதான் அவள் உத்தியோகம். உனக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போது போ என்று அவளைக் கையோடு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். தியேட்டரில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்த நாங்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தோம். எங்கள் மண்டையில் அந்தப் பாட்டி பட்டா வாங்கிக் குடியிருக்கிறாள்.

2024-இல் வந்த அந்தப் படம் உலகம் முழுக்கச் சுமார் 170 கோடி டாலர் வசூலித்தது. வசூலை வைத்துச் சொன்னால் எதிர்பார்த்ததற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் நடுவில், தடுப்புக்குள் உட்கார்ந்தபடி அந்தப் பெண் பதற்றத்தில் மூச்சு முட்டித் தவிக்கிற காட்சியைப் பெரியவர்களுக்கான படங்களிலேயே யாரும் இவ்வளவு நன்றாக எடுத்து நான் பார்த்ததில்லை. இருந்தும் வெளியே வரும்போது மனசில் ஒரு குறை. முதல் படம் வந்தது 2015-இல். அதில் ரைலிக்கு 11 வயது, இதில் 13. நமக்கு ஒன்பது வருஷம் போயிருக்கிறது, அவளுக்கு இரண்டே வருஷம். முதல் படத்தில் அவளுக்குக் குரல் கொடுத்த கெய்ட்லின் டயஸ் அதற்குள் வளர்ந்துவிட்டார். இதில் கேட்பது வேறொரு சிறுமியின் குரல்.

இரண்டாம் பாகம் எப்படி என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கிற விஷயம் இதுதான். நடுவே போன வருஷங்களை அந்தப் படம் என்ன செய்தது?

இந்தக் கிறுக்கு எனக்கு 'டாய் ஸ்டோரி'யால் பிடித்தது. 1995 நவம்பரில் அமெரிக்காவில் வெளியான படம், முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்த முதல் முழுநீளப் படம். அந்தப் பெருமையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. திருச்சியில் தெருமுனைக் கடையில் வாடகைக்கு எடுத்துவந்த விசிடி அது. 81 நிமிஷப் படம் ஒரு டிஸ்க்கில் அடங்காது, அதனால் இரண்டு டிஸ்க். பஸ் லைட்இயர் என்கிற பொம்மை தன்னை நிஜமான விண்வெளி வீரன் என்று நம்பி, மாடிப்படியிலிருந்து பறக்கப் பார்த்துக் கீழே விழுந்து கை கழன்று கிடப்பான். அதற்குக் கிட்டத்தில் எங்கேயோ முதல் டிஸ்க் முடிந்துவிடும். திரை நீலமாகும். அக்கா எழுந்து போய், டிஸ்க்கைச் சட்டை ஓரத்தால் துடைத்து, மாற்றிப் போட்டுவிட்டு வருகிற வரைக்கும் அவன் அப்படியே கீழே கிடப்பான். இன்றைக்கு அந்தக் காட்சியை இடைவெட்டு இல்லாமல் பார்த்தால் ஏதோ அவசரமாக ஓடிவிட்ட மாதிரி இருக்கிறது.

அந்தப் படத்தில் மனிதர்களைக் கிட்டத்தில் காட்டினால் பார்க்கச் சகிக்காது. சிறுவன் ஆண்டியின் முகமே ரப்பர் மாதிரி இருக்கும், நாயும் அப்படித்தான். அன்றைய கம்ப்யூட்டருக்கு வழவழப்பான பிளாஸ்டிக்தான் ஒழுங்காக வந்தது. அதனாலேயே பொம்மைகளின் கதை பொருத்தமாகப் போயிற்று.

இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது. முதலில் அதைத் தியேட்டருக்கு என்றே நினைக்கவில்லை. வீடியோவில் மட்டும் விற்கிற சின்னப் படமாகத் தொடங்கி, பிறகு பெரிய படமாக மாற்றினார்கள். செய்துவைத்தது திருப்தியாக இல்லை என்று, வெளியாகும் தேதி நெருங்கிவிட்ட நேரத்தில் கதையை மறுபடி எழுதி, ஒன்பது மாதத்துக்குள் ஏறக்குறைய முழுப்படத்தையும் திரும்பச் செய்தார்கள். அதற்கு முன்பே இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. யாரோ ஒருவர் தட்டிய ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் அழியத் தொடங்கின. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கண்ணெதிரே கதாநாயகப் பொம்மை வுடியின் தொப்பி காணாமல் போனது, அடுத்து பூட்ஸ், அடுத்து ஆளே இல்லை. மாற்றுப்பிரதி இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் அது பல நாளாகச் சரியாக வேலை செய்யவில்லை. பிள்ளை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த கேலின் சஸ்மன் என்கிற பொறியாளரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருகிற பக்குவத்தோடு ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பாற்றிய அந்தப் படத்தின் பெரும்பகுதியைத்தான் பிறகு வேண்டாம் என்று தூக்கிப்போட்டார்கள்.

அந்த அவசரத்தில் செய்த படத்தில் அவசரமே இல்லாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பழைய பொம்மைகளைச் சரிசெய்கிற கிழவர் வரும் காட்சி. இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து, வுடியின் கிழிந்த கையைத் தைத்து, கண்ணைப் பஞ்சால் துடைத்து, கன்னத்தில் சிவப்புப் பூசி, கடைசியாகப் பூட்ஸைத் திருப்புகிறார். அடிப்பாகத்தில் ஆண்டி தன் பிள்ளைக் கையெழுத்தில் எழுதிய பெயர். தூரிகையை இழுத்து அதை மூடிவிடுகிறார். வேலை அவ்வளவு சுத்தம், பொம்மை புத்தம்புதிதாகிவிட்டது, யாருடையது என்பது மட்டும் போய்விட்டது. பிறகு வுடியே அந்தச் சாயத்தைச் சுரண்டி எடுக்கிறான்.

இன்னொன்று ஜெஸ்ஸியின் கதை. எமிலி என்கிற சிறுமியின் உயிருக்குயிரான பொம்மை, ஒருநாள் கட்டிலுக்கு அடியில் விழுகிறது. மேலே சுவரில் படங்கள் மாறுகின்றன, நகப்பூச்சு வருகிறது, தோழிகள் வருகிறார்கள், கீழே பொம்மை தூசியில் கிடக்கிறது. பல வருஷம் கழித்து எமிலி அதை எடுத்துக் காரில் கூட்டிப் போகும்போது மறுபடி விளையாடத்தான் போகிறோம் என்று ஜெஸ்ஸிக்கு நினைப்பு. கார் நின்றதும் தானப் பெட்டிக்குள் போய்விடுகிறாள். ராண்டி நியூமன் எழுதி சாரா மெக்லாக்லன் பாடிய பாட்டு ஒன்று முடிவதற்குள் ஒரு முழுக் குழந்தைப்பருவம் கடந்துவிடுகிறது. விளையாட்டுப் படம் என்று உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டில் அந்த நேரம் பார்த்து அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். என்னடா, பொம்மைப் படத்துக்கு இப்படி அழவிடறான் என்றாள்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் ஒன்றுமில்லை.

இந்தப் பதினொரு வருஷத்தை யாரும் கலைக்காகத் திட்டமிட்டு விடவில்லை. படங்களை வெளியிட்ட டிஸ்னிக்கும் அவற்றைச் செய்த பிக்ஸாருக்கும் பணத் தகராறு. பிக்ஸார் இல்லாமலேயே மூன்றாம் பாகம் எடுத்துவிடுகிறோம் என்று டிஸ்னி 'சர்க்கிள் 7' என்று தனியாக ஒரு ஸ்டூடியோ வைத்து, கதைகூடத் தயார் செய்துவிட்டது. பஸ் பழுதாகித் தைவானுக்குத் திருப்பி அனுப்பப்படுவதும், மற்ற பொம்மைகள் அவனைத் தேடிப் போவதுமான கதை. 2006-இல் டிஸ்னி 740 கோடி டாலருக்குப் பிக்ஸாரையே வாங்கியது. சர்க்கிள் 7 மூடப்பட்டது, தைவான் கதை குப்பைக்குப் போனது. அந்தப் படம் வந்திருந்தால் ஆண்டி சிறுவனாகவே நின்றிருப்பான் என்று நினைக்கிறேன். முதலாளிகள் போட்ட சண்டைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

2010 ஜூனில் மூன்றாம் பாகம் வந்தபோது நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆண்டிக்கு 17 வயது, காலேஜுக்குப் போகப் பெட்டி கட்டுகிறான். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வுடி உதவிக்கு நாயைக் கூப்பிடுகிறான். பஸ்டர். முதல் படத்தின் கடைசியில் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த குட்டி, இரண்டாவதில் வீட்டையே இரண்டாக்கின துடுக்கு. மூன்றாவதில் பெருத்துத் தளர்ந்து மெல்ல நடந்து வருகிறது, கொஞ்சம் முயற்சி செய்கிறது, மல்லாந்து படுத்துத் தூங்கிவிடுகிறது. சிரிப்புக்கு வைத்த இடம், தியேட்டரும் சிரித்தது. எனக்கு அங்கேயே தொண்டை அடைத்தது. ஒரு நாயைக் கிழமாக்குவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். வருஷம் போயிருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற மனசு வேண்டும்.

ஆண்டியின் குரலும் அப்படித்தான். முதல் படத்தில் ஜான் மோரிஸ் என்ற சிறுவன் பேசினான். பதினைந்து வருஷம் கழித்து இயக்குநர் லீ அன்க்ரிச் காலேஜுக்குப் போகிற ஆண்டியாகப் பேச அதே ஜான் மோரிஸைத்தான் கூப்பிட்டார். குரல் உடைந்து, கனத்து, ஆணாகிவிட்ட குரல். சிறுமி பானிக்கு ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, இது இன்னார், இவன் இப்படி என்று அறிமுகம் செய்து கொடுப்பது அந்தக் குரல்தான். பெட்டியின் அடியில் வுடி இருப்பது அவனுக்குத் தெரியாது. பானி கை நீட்டும்போது சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். அந்த ஒரு இழுப்பில் பையன் மறுபடி ஆறு வயதுக்குப் போய்விடுகிறான். பிறகு கொடுத்துவிட்டு, புல்தரையில் அவளோடு ஒருமுறை விளையாடிவிட்டு, கார் ஏறிப் போகிறான். கேமரா வானத்துக்குப் போகிறது. 1995-இல் ஆண்டியின் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அதே மேகங்கள்.

ஸ்லிங்கி நாய்க்குப் பேசிய ஜிம் வார்னி 2000-இல் இறந்துபோனார். மூன்றாம் பாகத்தில் அவருடைய நண்பர் பிளேக் கிளார்க் பேசுகிறார். காது கொடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரியும், தெரியட்டுமே. பதினொரு வருஷத்தில் எல்லா வீட்டிலும் ஒருத்தராவது குறைந்திருப்பார்கள்.

அந்தப் படத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அம்மா போன் செய்து, பரண்மேல் இருக்கிற உன் சாமான் பெட்டியில் கரையான் ஏறுது, என்னப்பா பண்ணட்டும் என்று கேட்டிருந்தாள். யாருக்காவது குடுத்துடும்மா என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். சாவி கொடுத்தால் ஓடுகிற ஒரு ஜீப், சக்கரம் இல்லாத ஒரு பஸ், ரயில் பெட்டி மட்டும் இருக்கிற ரயில். இஸ்திரிக்காரர் மகனுக்குப் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆண்டி மாதிரி முன்னால் உட்கார்ந்து அறிமுகம் செய்து கொடுத்திருக்கலாம் என்றெல்லாம் தோன்றியதற்கு அந்தப் படம்தான் காரணம். நல்ல படம் இப்படித்தான் இல்லாத ஒரு கடனை நம் தலையில் கட்டிவிடும்.

இதை வைத்துக்கொண்டு மற்ற படங்களைப் பார்த்தால் கொஞ்சம் அநியாயமாகிவிடுகிறது, தெரியும். 'இன்க்ரெடிபிள்ஸ்' 2004-இல் வந்தது, இரண்டாவது 2018-இல். பதினாலு வருஷம். முதல் படம் எந்த நிமிஷத்தில் முடிந்ததோ அதே நிமிஷத்தில் இரண்டாவது தொடங்குகிறது. பூமியைக் குடைந்துகொண்டு வருகிற வில்லன் அப்போதுதான் வெளியே வந்திருக்கிறான், குடும்பம் அப்போதுதான் முகமூடி மாட்டியிருக்கிறது. இயக்குநர் பிராட் பேர்டின் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை. கைக்குழந்தை ஜாக்ஜாக் தோட்டத்தில் ரக்கூனோடு போடுகிற சண்டைக்காகவே இன்னொருமுறை பார்ப்பேன். ஆனால் ஓட்டக்காரப் பையன் டாஷுக்குக் குரல் கொடுத்த ஸ்பென்சர் ஃபாக்ஸ் வளர்ந்து ஆளாகிவிட்டதால், அந்த ஒரு நிமிஷத்துக்குள் டாஷின் குரல் மட்டும் வேறு பையனுடையதாகிவிட்டது. முதல் படத்தைப் பள்ளிக்கூடத்துப் பையனாகப் பார்த்தவன் இரண்டாவதுக்குத் தன் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருக்கிறான், திரையில் ஒரு நொடிகூடப் போகவில்லை. 'ஃபைண்டிங் டோரி'யிலும் அதே சங்கதி. 2003-இல் நீமோவாகப் பேசிய அலெக்ஸாண்டர் கூல்ட் 2016-க்குள் இளைஞனாகிவிட்டார். நீமோ இன்னும் குஞ்சு மீன்தான். கூல்டுக்கு அந்தப் படத்தில் லாரியில் போகிற ஒரு ஆளாக இரண்டொரு வரி கொடுத்தார்கள். நீமோவாக இருந்தவன் லாரியில் போகிறான் என்பதே ஒரு சிறுகதைக்குக் காணும்.

(நம்மூரில் 28 வருஷம் கழித்து வந்த 'இந்தியன்' சேனாபதித் தாத்தாவைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

டிஸ்னி ஒரு காலத்தில் வீடியோவுக்கென்றே இரண்டாம் பாகங்களைச் சுட்டுத் தள்ளியது. அலாவுதீனுக்குப் பிறகு 1994-இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்' வந்தது. முதல் படத்தில் பூதமாகப் பேசிய ராபின் வில்லியம்ஸ் டிஸ்னியோடு மனஸ்தாபத்தில் இருந்ததால் அதில் இல்லை. பூதத்துக்கு டேன் காஸ்டெல்லனெட்டா குரல் கொடுத்தார். நல்ல கலைஞர்தான், ஹோமர் சிம்ப்ஸனின் குரல் அவருடையது. ஆனாலும் பாட்டியைப் போல வேஷம் போட்டு வந்த ஓநாயை எந்தக் குழந்தைக்கும் அடையாளம் தெரியும். சிண்ட்ரெல்லாவுக்கு, சிம்பாவுக்கு என்று இந்த வரிசை நீண்டது. பெரும்பாலானவற்றை மறந்துவிடலாம். ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை, அது 'பாம்பி 2'.

1942-இல் வந்த 'பாம்பி'யில் மான்குட்டியின் அம்மா சுடப்படுவதைக் காட்டமாட்டார்கள். சத்தம் மட்டும். பனிக்குள் குட்டி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே திரிகிறது. தந்தை மான் வந்து, அம்மா இனி வரமாட்டாள் என்று சொல்லிக் கூட்டிப் போகிறது. இரண்டும் பனிக்குள் மறைகின்றன. அடுத்த நொடி வசந்தம், பறவைகள், பாட்டு. பாம்பி வளர்ந்துவிட்டான். அந்த வெட்டு இருக்கிறதே, அதற்குள்தான் குட்டியின் துக்கம் முழுவதும் இருக்கிறது. 64 வருஷம் கழித்து, 2006-இல் டிவிடிக்காக எடுத்த 'பாம்பி 2' மிகச் சரியாக அந்த வெட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்தது. அம்மா போன பிறகு அப்பாவும் பிள்ளையும் எப்படி நெருக்கமானார்கள் என்று ஒரு முழுப்படம். கெட்ட படம் என்று சொல்லமாட்டேன். வரைந்தவர்கள் பழைய ஓவியங்களுக்கு மரியாதை கொடுத்து வரைந்திருக்கிறார்கள், தந்தை மானுக்குப் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் கம்பீரமான குரல். ஆனாலும் எங்கள் வீட்டில் ஆளில்லாத நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்து உபசாரமாகப் பேசுவதுபோல் இருந்தது.

'டாய் ஸ்டோரி' நான்காம் பாகம் 2019-இல் வந்தது. நல்ல படம், வேண்டாத படம். பிளாஸ்டிக் முள்கரண்டிக்குக் கையும் காலும் ஒட்டி பானி செய்த ஃபோர்க்கி, நான் குப்பை, என்னைக் குப்பையில் போடுங்கள் என்று அடம்பிடிப்பது இந்த வரிசையிலேயே பெரிய நகைச்சுவை. உருளைக்கிழங்குத் தலையர் பொம்மைக்குக் குரல் கொடுத்த டான் ரிக்கிள்ஸ் 2017-இல், தன் பகுதியைப் பேசுவதற்கு முன்பே இறந்துவிட்டதால், அவர் பல வருஷமாகப் பேசிவைத்திருந்ததில் இருந்து துண்டு துண்டாகப் பொறுக்கி அவரையே பேசவைத்தார்கள். அதெல்லாம் சரி. ஆனால் 2010-இல் ஒரு விடை கொடுத்தல் நடந்துவிட்டது. ரயில் கிளம்பி, கை அசைத்து, கண்ணைத் துடைத்து வீட்டுக்கு வந்த பிறகு, போனவர் மறுநாள் வாசலில் நின்று, எதையோ மறந்துவிட்டேன் என்றால் எப்படி இருக்கும்? சந்தோஷம்தான். ஆனால் அழுதது அழுதது தானே. பிறகு ஐந்தாவதையும் 2026 ஜூனுக்கு என்று அறிவித்தார்கள். போகமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் பாகம் நம்மிடம் வராமல், நாம் அதனிடம் போக வேண்டிய ஒரு படமும் இருக்கிறது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' 1988-இல் வந்தது. உலகம் முழுக்கக் கொண்டாடிய அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்தால் பணம் கொட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் 2002-இல் கால் மணி நேரம்கூட ஓடாத ஒரு குறும்படம் செய்தார். அதில் மேய் என்கிற குட்டிப்பெண்ணும் ஒரு பூனைக்குட்டிப் பேருந்தும். அதை டோக்கியோ பக்கம் மிதாகாவில் இருக்கிற ஜிப்லி அருங்காட்சியகத்தின் சின்னத் திரையரங்கில் முறைவைத்துப் போடுகிறார்கள். டிவிடி கிடையாது, ஓடிடி கிடையாது. நான் பார்த்ததில்லை. பார்க்காத அந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கிற ஆசை, பார்த்த பல இரண்டாம் பாகங்களின் மேல் இல்லை.

அக்கா மகளுக்கு எட்டு வயது. போன கோடை விடுமுறையில் வந்திருந்தபோது 'டாய் ஸ்டோரி'யைப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே திரையின் மூலையில் அடுத்த பாகத்தின் படம் வந்து, எண்கள் இறங்கத் தொடங்கின. எட்டிப் பிடிப்பதற்குள் இரண்டாவது ஓட ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன்பே ஜெஸ்ஸி தானப் பெட்டிக்குள் போய்விட்டாள். கைகழுவிவிட்டு வந்து, மூணாவது போடு மாமா என்றாள்.

"அடுத்த லீவுக்கு வரும்போது பார்க்கலாம் பாப்பா."

"ஏன்? இங்கதான் இருக்கே."

"நாங்கல்லாம் இதுக்கப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் பார்த்தோம்."

"அப்ப நெட் ஸ்லோவா?"

"இல்ல, எடுக்கவே இல்ல."

அவளுக்கு இது பெரிய செய்தி. சிறிது நேரம் யோசித்தாள். "அப்ப நடுவுல நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

பத்தாவது எழுதினேன், பிளஸ் டூவுக்கு விடியற்காலை டியூஷன் போனேன், தாத்தாவுக்கு மாற்றலாகி வீடு மாறினோம், கொள்ளுப்பாட்டி போய்ச் சேர்ந்தாள், உங்க அம்மாவுக்குக் கல்யாணம், நான்தான் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சாம்பார் வாளி வரைக்கும் கேட்டாள். பிறகு ரிமோட்டை எடுத்து மூன்றாவதைப் போட்டுக்கொண்டாள்.